கழித்தல் குறி எந்த எண்ணுக்குச் சொந்தம்?

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கும் சில பிள்ளைகள் மாலையில் என் வீட்டுக்குக் கணிதம் படிக்க வருகிறார்கள். ஈருறுப்புக் கோவைகளின் பெருக்கலில் அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்து, எல்லா நோட்டுகளையும் ஒரே இரவில் அடுத்தடுத்துத் திருத்தியபோது, தனித்தனியாகத் திருத்தும்போது தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. பெருக்கத் தெரியாததால் விடையைத் தவறவிட்ட பிள்ளை ஒருவர்கூட இல்லை. தவறிய விடைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எண்கள் சரியாக இருந்தன, குறிகள்தாம் மாறியிருந்தன. இதற்குக் கவனக்குறைவு என்று பெயரிட்டு ஓரத்தில் எழுதிவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதி வந்தேன். ஆனால் கவனக்குறைவு என்றால் தவறு இன்று ஓரிடத்திலும் நாளை வேறோரிடத்திலும் நேர வேண்டும். ஒரே பிள்ளை, ஒரே வகைக் கணக்கில், ஒரே வரியில் மீண்டும் மீண்டும் தவறினால், அந்தப் பிள்ளையின் மனத்தில் ஒரு தவறான விதி உறுதியாகப் பதிந்திருக்கிறது என்றே பொருள். அந்த விதிகள் எவை, அவை எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புலப்பட்டதை இங்கே எழுதுகிறேன். மாறி என்னும் சொல்லின் முதலெழுத்தான 'மா'வைச் சுருக்கி, 'ம' என்பதையே இந்தப் பதிவு முழுவதும் மாறியாகக் கொள்கிறேன்.

(ம − 3)(ம + 5) என்னும் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் அடைப்புக்குறிக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் ம, 3 என்று சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கழித்தல் குறி இருப்பதாகவும் சேர்த்துச் சொல்வார்கள். தவறு தொடங்குவது இங்கேதான். அந்தக் குறி இரண்டு உறுப்புகளுக்கும் பொதுவான நடுச்சுவர் அன்று. தனக்கு வலப்பக்கம் நிற்கும் 3-க்கு மட்டுமே சொந்தமானது. உறுப்புகள் ம என்பதும் −3 என்பதுமே. இதை ஏற்றுக்கொண்டால் பெருக்கலில் குழப்பத்துக்கு இடமே இல்லை. ம-ஐ ம-ஆல் பெருக்கினால் ம²; ம-ஐ +5-ஆல் பெருக்கினால் +5ம; −3-ஐ ம-ஆல் பெருக்கினால் −3ம; −3-ஐ +5-ஆல் பெருக்கினால் −15. நான்கையும் வரிசையாக எழுதினால் ம² + 5ம − 3ம − 15. ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் ம² + 2ம − 15.

குறியை நடுச்சுவராகப் பார்க்கும் பிள்ளை என்ன செய்கிறது என்று பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் 3-ஐயும் 5-ஐயும் பெருக்கி 15 என்று எழுதுகிறது. அதன் பிறகு, அந்த 15-க்கு முன்னால் எந்தக் குறியை இடுவது என்று தேடுகிறது. பார்வை போகும் இடத்தில் ஒரு கூட்டல் குறியும் ஒரு கழித்தல் குறியும் இருக்கின்றன. எது அருகில் இருக்கிறதோ அது விடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எண்ணை முதலில் எழுதிவிட்டுக் குறியைப் பிறகு தேடுவது, பாதிக்கு மேல் ஊகமாகவே முடிகிறது. ஆகவே நான் வரிசையை மாற்றிச் சொல்கிறேன்: ஒவ்வொரு பெருக்கலிலும் முதலில் குறியை எழுத வேண்டும், அடுத்து எண்ணை எழுத வேண்டும், கடைசியில் மாறியை எழுத வேண்டும். குறியை முடிவு செய்யாமல் எண்ணைத் தாளில் வைக்கக் கூடாது. தொடக்கத்தில் இது மெதுவாகத்தான் போகும். ஆனால் பத்துக் கணக்குகளுக்குள் கை பழகிவிடும்.

'முதல், வெளி, உள், கடைசி' என்னும் வரிசையைச் சொல்லி நான்கு பெருக்கல்களையும் நினைவில் வைக்கச் செய்வது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. நான் அதை வலியுறுத்துவதில்லை. எந்த உறுப்பையும் விட்டுவிடாமல் இருக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் குறியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை, மூன்று உறுப்புகள் உள்ள கோவை வந்தவுடன் அது பயனற்றும் போகிறது. அதற்குப் பதிலாக நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தை வரையச் சொல்கிறேன். மேலே ஒரு கோவையின் உறுப்புகளும், இடப்பக்கம் மற்றொரு கோவையின் உறுப்புகளும், அவற்றின் குறிகளோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும். +5 என்பதில் உள்ள கூட்டல் குறியையும் விடாமல் எழுதச் சொல்கிறேன். கட்டத்தின் தலைப்பில் குறியை இடாமல் விட்டால் அது வெறுமையாகக் கண்ணுக்குத் தெரியும் என்பதால், குறி எண்ணைவிட்டுப் பிரிவதற்கு வழியே இருப்பதில்லை.

அடுத்த தவறு (ம − 3)(ம − 5) என்னும் கணக்கில் வருகிறது. ஒரு மாணவி நான்கு பெருக்கல்களையும் பிழையின்றிச் செய்து, ம² − 5ம − 3ம + 15 என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியில் ம² + 8ம + 15 என்று இருந்தது. கூட்டல் குறி எப்படி வந்தது என்று கேட்டேன். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானே, மிஸ்?" என்றாள். அவள் சொன்னதில் தயக்கமே இல்லை. அது அவளுக்கு யாரோ கற்பித்த விதி. அவள் அதை உண்மையாகக் கடைப்பிடித்திருக்கிறாள். அந்த வாசகத்தில் 'பெருக்கும்போது' என்ற ஒரு சொல் விடுபட்டுப் போனதுதான் குற்றம்.

இந்த ஒற்றைச் சொல் எவ்வளவு முக்கியம் என்பதை நம் பழைய நூல்களே காட்டுகின்றன. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், மிகை எண்ணுக்குத் தனம் என்றும் குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன், என்றும் பெயர். கூட்டலுக்கு ஒரு விதியையும் பெருக்கலுக்கு வேறொரு விதியையும் அவர் தனித்தனியாகவே தருகிறார்: இரண்டு கடன்களைக் கூட்டினால் கடன், இரண்டு கடன்களைப் பெருக்கினால் தனம். கூட்டல் விதியை எந்தப் பிள்ளைக்கும் விளக்கவே வேண்டியதில்லை. மளிகைக் கடையில் ஐந்து ரூபாய்க் கடன், காய்கறிக் கடையில் மூன்று ரூபாய்க் கடன் என்றால் மொத்தம் எட்டு ரூபாய்க் கடன். அது ஒருபோதும் எட்டு ரூபாய்ச் சேமிப்பாக மாறாது. −5ம − 3ம என்பதும் அப்படியே −8ம ஆகும். ஈருறுப்புக் கோவைப் பெருக்கலில் இந்த இரண்டு விதிகளும் ஒரே கணக்கில், அடுத்தடுத்த வரிகளில் தேவைப்படுகின்றன என்பதே சிக்கல். முதல் வரி பெருக்கல் விதிக்கு உரியது. இரண்டாம் வரி கூட்டல் விதிக்கு உரியது. எந்த வரியில் நிற்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் இந்தத் தவறு நேராது. ஆகையால் அந்த வாசகத்தை என் வீட்டில் யாரும் சுருக்கிச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெருக்கல் விதி மட்டும் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கும் பிள்ளையை நான் மிகவும் மதிக்கிறேன். விதி என்பதால் விதி என்று அந்தக் கேள்வியை அடைத்துவிடக் கூடாது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை, 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் இருக்கிறது. குறியீடுகளே இல்லாமல் முழுவதும் சொற்களால் எழுதப்பட்ட அந்த நூலில், ஒன்று குறைந்த பத்தை ஒன்று குறைந்த பத்தால் பெருக்கும் கணக்கு ஒன்று வருகிறது. நம் குறியீட்டில் அது (10 − 1)(10 − 1). விடை 9 × 9, அதாவது 81 என்பது எல்லாருக்கும் தெரியும். இப்போது உறுப்பு உறுப்பாகப் பெருக்குவோம். பத்துப் பத்து 100. அதிலிருந்து ஒரு 10 குறைகிறது, இன்னொரு 10-உம் குறைகிறது. கையில் 80 இருக்கிறது. மீதி இருப்பது −1-ஐ −1-ஆல் பெருக்குவது ஒன்றே. விடை 81 ஆக வேண்டுமானால் அது +1 ஆகத்தான் இருக்க முடியும். −1 என்று வைத்தால் 79 வந்துவிடும். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை என்பது யாரோ தம் விருப்பத்துக்கு இட்ட கட்டளை அன்று என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள். அல்-குவாரிஸ்மிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கிரேக்க மொழியில் எழுதிய டயோபாண்டஸும் குறைபடுவதைக் குறைபடுவதால் பெருக்கினால் இருப்பது கிடைக்கும் என்று விதி வகுத்திருந்தார். தனித்து நிற்கும் ஒரு குறை எண்ணை விடையாக அவர் ஏற்கவில்லை என்பது இங்கே கவனிக்கத் தக்கது. ஒரு பெரிய அளவிலிருந்து சிறிது குறைந்தது என்னும் வடிவில், அதாவது ஈருறுப்பின் இரண்டாம் உறுப்பாகவே அவருக்குக் குறை தேவைப்பட்டது. ஆகவே இந்தக் குறி விதியை ஈருறுப்புப் பெருக்கலின் வழியாகக் கற்பிப்பது, அது வழங்கி வந்த இடத்திலேயே வைத்துக் கற்பிப்பதாகும் என்பது என் எண்ணம்.

எண்ணில் பார்த்ததை நிலத்திலும் பார்க்கலாம். 40 அடிக்கு 40 அடி சதுர மனை ஒன்று இருக்கிறது. தெற்கே தெருவுக்காக 3 அடி அகலத்துக்கும், கிழக்கே வாய்க்காலுக்காக 5 அடி அகலத்துக்கும் நீளவாட்டில் இடம் விட வேண்டியிருக்கிறது. மனையின் மொத்தப் பரப்பு 1600 சதுர அடி. தெற்குப் பட்டையின் பரப்பு 40 × 3, அதாவது 120. கிழக்குப் பட்டையின் பரப்பு 40 × 5, அதாவது 200. இரண்டையும் கழித்தால் 1280. ஆனால் எஞ்சிய மனையை நேராக அளந்தால் 37 × 35, அதாவது 1295 சதுர அடி வருகிறது. 15 சதுர அடி எங்கே போயிற்று? தென்கிழக்கு மூலையில் 3 அடிக்கு 5 அடி உள்ள ஒரு துண்டு இரண்டு பட்டைகளுக்கும் பொதுவாக இருக்கிறது. அதை நாம் இருமுறை கழித்துவிட்டோம். ஒருமுறை கழிக்க வேண்டியதை இருமுறை கழித்ததால் ஒருமுறை திருப்பிக் கொடுக்க வேண்டும். (ம − 3)(ம − 5) = ம² − 8ம + 15 என்பதில் கடைசியில் நிற்கும் +15 அந்த மூலைத் துண்டுதான். இந்தப் படத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிய பிறகு, அந்த இடத்தில் −15 என்று எழுதும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

வர்க்கத்துக்கு வரும்போது வேறொரு தொல்லை இருக்கிறது. (ம − 4)² என்பதை ம² − 16 என்று எழுதுவது எல்லாருக்கும் தெரிந்த தவறு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. (ம − 4)(ம − 4) என்று இரண்டாக விரித்து எழுதவைத்தால், நடுவில் −4ம இருமுறை வருவதைப் பிள்ளைகளே பார்த்து, ம² − 8ம + 16 என்று திருத்திக்கொள்கிறார்கள். ம² − 16 என்பது (ம + 4)(ம − 4) என்பதன் விடை. அங்கே +4ம, −4ம இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன, இங்கே அவை சேர்ந்துகொள்கின்றன.

நான் சொல்ல விரும்பும் தொல்லை முற்றொருமைகளில், அதாவது மாறிக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் பொருந்தும் சமன்பாடுகளில், இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே அது அதிகம் தடுமாறச் செய்கிறது. (ம + அ)(ம + ஆ) = ம² + (அ + ஆ)ம + அஆ என்னும் முற்றொருமையை (ம − 3)(ம + 5) என்பதற்குப் பயன்படுத்தும்போது, அ = −3 என்றும் ஆ = 5 என்றும் எடுக்க வேண்டும். குறி எண்ணோடு சேர்ந்து உள்ளே போகிறது. இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை, சில நாள் கழித்து (அ − ஆ)² = அ² − 2அஆ + ஆ² என்னும் முற்றொருமையைச் சந்திக்கிறது. (ம − 4)² என்பதற்கு, பழகிய பழக்கத்தில் ஆ = −4 என்று எடுக்கிறது. நடு உறுப்பு −2 × ம × (−4), அதாவது +8ம ஆகிவிடுகிறது. விதியைச் சரியாகப் பயன்படுத்தியும் விடை தவறிவிட்டதே என்று அந்தப் பிள்ளை வருந்துவது நியாயமே. இந்த முற்றொருமையில் கழித்தல் குறி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. எனவே ஆ என்பது 4 மட்டுமே. ஒரே குறியை இருமுறை எண்ணியதுதான் பிழை. நான் இப்போது இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாள்கிறேன். (அ + ஆ)² என்னும் ஒரே முற்றொருமையை மட்டும் வைத்துக்கொண்டு, ஆ = −4 என்று எப்போதும் குறியோடு பிரதியிடச் சொல்கிறேன்: ம² + 2 × ம × (−4) + (−4)². குறி எண்ணுக்கே சொந்தம் என்னும் ஒரே கொள்கை எல்லாக் கணக்குக்கும் பொருந்துகிறது. கழித்தல் வடிவில் உள்ள முற்றொருமையை, கை நன்றாகப் பழகிய பிறகு கற்றுக்கொண்டால் போதும். அதோடு, (−4)² என்பதில் அடைப்புக்குறியை விடக் கூடாது. அதை விட்டு −4² என்று எழுதினால், வர்க்கம் 4-க்கு மட்டுமே சேர்ந்து −16 ஆகிவிடும்.

மதிப்பெண்களை அதிகம் இழக்கவைப்பது, பெருக்கலுக்கு வெளியே நிற்கும் கழித்தல் குறி. 12 − (ம − 3)(ம − 4) என்பதைச் சுருக்குக என்று ஒரு கணக்கு. பிள்ளை பெருக்கலைச் சரியாகவே செய்து ம² − 7ம + 12 என்று பெறுகிறது. பெற்ற மகிழ்ச்சியில் அதை அப்படியே 12-க்குப் பின்னால் ஒட்டி, 12 − ம² − 7ம + 12 என்று எழுதிவிடுகிறது. கழித்தல் குறி ம²-க்கு மட்டும் கிடைத்தது; மற்ற இரண்டு உறுப்புகளுக்கும் கிடைக்கவில்லை. கழிக்கப்படுவது பெருக்கலின் முழு விடை என்பதால், அதை ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்தே கீழே இறக்க வேண்டும்: 12 − (ம² − 7ம + 12). அடுத்த வரியில் அடைப்புக்குறியை நீக்கும்போது மூன்று உறுப்புகளின் குறிகளும் மாறுகின்றன: 12 − ம² + 7ம − 12, அதாவது −ம² + 7ம. ஒரு வரியை மிச்சப்படுத்த நினைத்தவர்களே இந்தக் கணக்கில் விடையை இழக்கிறார்கள். பெருக்குவதும் குறி மாற்றுவதும் ஒரே வரியில் நடக்கக் கூடாது என்பதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

(5 − ம)(ம − 3) போன்றவற்றில் மாறியே கழித்தல் குறியோடு நிற்கிறது. இதில் 5ம − 15 − ம² + 3ம என்று வரும். அடுக்கின் இறங்கு வரிசையில் எழுதினால் −ம² + 8ம − 15. உறுப்புகளை இடம் மாற்றும்போது ஒவ்வோர் உறுப்பும் தன் குறியையும் உடன் எடுத்துக்கொண்டே போக வேண்டும். (5 − ம) என்பது −(ம − 5) என்பதற்குச் சமம் என்று கண்டுகொண்ட பிள்ளை, இதையே −(ம − 5)(ம − 3) என்று எழுதி, முன்பு பார்த்த ம² − 8ம + 15 என்பதன் எல்லாக் குறிகளையும் மாற்றி ஒரே நொடியில் விடையைப் பெற்றுவிடும்.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். கோடு போட்ட நோட்டில், அச்சிட்ட கோட்டின் மீதே சிறிய கழித்தல் குறியை இட்டால் அது கோட்டோடு கலந்து மறைந்துவிடுகிறது. அடுத்த வரிக்கு எடுத்து எழுதும்போது எழுதியவரின் கண்ணுக்கே அது தெரிவதில்லை. கணக்குக்குக் கோடு போடாத நோட்டே நல்லது. அது கிடைக்காதபோது, எண்களைக் கோட்டுக்குச் சற்று மேலே எழுதி, குறியை எண்ணின் அகலத்துக்குக் குறையாமல் நீட்டி இட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தவறு நேரலாம். நேர்ந்ததைக் கண்டுபிடிக்கும் வழி பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். முற்றொருமை என்பது மாறிக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் பொருந்துவது. ஆகவே ஏதேனும் ஒரு மதிப்பைப் பிரதியிட்டால் விடையைச் சோதித்துவிடலாம். ம = 0 என்று வைத்தால் மாறிலி உறுப்பு மட்டுமே சோதிக்கப்படும்; நடு உறுப்பின் குறி தவறியிருந்தாலும் வெளியே தெரியாது. ம = 1 நல்லது. நான் விரும்புவது ம = 10, ஏனென்றால் 100, 10, 1 என்று இடமதிப்புகள் பிரிந்து நிற்பதால் மனக்கணக்காகவே செய்யலாம். (2ம − 7)(3ம + 4) என்பதற்கு 6ம² − 13ம − 28 என்று விடை வந்திருக்கிறதா? 10-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 13 × 34, அதாவது 442. வலப்பக்கம் 600 − 130 − 28, அதுவும் 442. நடு உறுப்பை +13ம என்று எழுதியிருந்தால் 702 வந்து பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்தச் சோதனையை இறுதி விடைக்கு மட்டும் வைக்காமல் ஒவ்வொரு வரிக்கும் வைக்கலாம் என்பதை, மேலே சொன்ன 12 − (ம − 3)(ம − 4) கணக்கில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் செய்து காட்டினான். அவனுடைய விடை தவறு என்று மட்டும் சொல்லியிருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. அவன் முதல் வரியில் 10-ஐப் பிரதியிட்டு, 12 − 7 × 6, அதாவது −30 என்று ஓரத்தில் எழுதினான். அடைப்புக்குறியோடு இருந்த இரண்டாம் வரியிலும் 12 − 42, அதே −30. மூன்றாம் வரியில் 12 − 100 − 70 + 12 என்று கூட்டி −146 என்று எழுதியதும் பென்சில் நின்றது. இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே விரலை வைத்து, அங்கே இருந்த −7ம என்பதை +7ம என்றும், +12 என்பதை −12 என்றும் தானே திருத்தினான். பிறகு மறுபடியும் 10-ஐப் பிரதியிட்டு, −30 என்று வந்ததைப் பார்த்த பிறகே நோட்டை என்னிடம் நீட்டினான்.